மட்டாஞ்சேரியில் சிறப்புக் குழந்தையை வளர்க்கும் தமிழ் வீடுகளுக்கு 20 குறிப்புகள்

ஃபோர்ட் கொச்சியின் 'வெளி' என்ற பகுதியில் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்யும் குடும்பங்கள், பஜார் ரோட்டில் கடை வைத்திருப்பவர்கள், போன வருஷம் வேலை மாற்றலாகி வந்து சுள்ளிக்கல்லில் வாடகை வீடு பிடித்தவர்கள் என்று இந்தப் பக்கம் தமிழ் வீடுகளுக்குக் குறைவில்லை. வளர்ச்சியில் சிரமம் உள்ள குழந்தைக்குக் கேரளத்தில் கிடைக்கும் உதவிகளும் குறைவில்லை. சிக்கல் என்னவென்றால், அவை சுகாதாரம், சமூக நீதி, கல்வி, கார்ப்பரேஷன் என்று நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கவுன்ட்டரில் இருப்பவர் அடுத்த கவுன்ட்டரைப் பற்றிச் சொல்ல மாட்டார். நான்கையும் கோத்து எடுக்கும் வேலை வீட்டுக்காரர்கள் தலையில்தான் விழுகிறது. அதற்கான குறிப்புகள் இவை.

1. "இவன் அப்பாவும் நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், நீங்கள் காத்திருக்க வேண்டாம். ஒரு வயதில் மழலை ஒலியும் இல்லை, விரல் நீட்டிக் காட்டுவதும் இல்லை; 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை; இரண்டு வயதில் தானாக இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை; எந்த வயதிலானாலும் வந்த பேச்சோ பழக்கமோ நின்றுபோனது. இவற்றில் ஒன்று இருந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

2. தடுப்பூசிக்குப் போகும்போது வளர்ச்சி அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் உருவாகி 1991-இல் வெளியான அட்டவணை ஒன்று கேரளத்தில் பரவலாகப் புழங்குகிறது. பிறந்தது முதல் இரண்டு வயது வரைக்கும் அதில் 17 செயல்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிடைப்பட்டை. குழந்தைகள் அந்தச் செயலைச் செய்யத் தொடங்கும் மாதத்தில் பட்டை தொடங்கி, அநேகமாக எல்லாக் குழந்தைகளும் செய்துவிடும் மாதத்தில் முடியும். உங்கள் குழந்தையின் வயதில் பென்சிலால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுக்க வேண்டும். கோட்டுக்கு இடப்பக்கமாக முடிந்துபோன பட்டையில் உள்ள ஏதாவது ஒன்றைக் குழந்தை செய்யவில்லை என்றால் தாமதம் என்று அர்த்தம். ஐந்து நிமிட வேலை. இது நோயின் பெயரைச் சொல்லாது, ஆனால் "எதற்கும் பார்த்துக்கொள்ளலாம்" என்ற இழுவைக்கு முடிவு கட்டிவிடும்.

3. முதல் கதவு அங்கன்வாடியும் ஆஷா ஒர்க்கரும். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரமம் என்ற திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதித்து மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். ஆகவே அங்கன்வாடி டீச்சரிடம் சொல்வது வெறும் புலம்பல் அல்ல, முறையான முதல் படி. அதற்கு மேல் மட்டாஞ்சேரியில் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியிலும் கருவேலிப்படியிலும் தாலுக்கா ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அங்கே குழந்தை டாக்டரிடம், "டி.இ.ஐ.சி.க்கு எழுதித் தாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாவட்டந்தோறும் உள்ள ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்துக்கு அதுதான் பெயர். குழந்தை டாக்டர், பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, மனநலம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டும் என்பதற்காக வைத்த இடம் அது. அந்தச் சீட்டு கையில் இல்லாமல் தனியார் மையங்களில் ஏறி இறங்கிக் காசைக் கரைத்த குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய.

4. ஆட்டிசமா, வேறு ஏதாவதா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளும் முன் காதைச் சோதியுங்கள். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது கேட்கிறதா என்பதைத்தான். கதவு சாத்தினால் திரும்புகிறான், பாத்திரம் விழுந்தால் அழுகிறான் என்பதெல்லாம் சோதனை ஆகாது. சில ஒலி மட்டும் கேட்காத குழந்தைகளும் உண்டு. ஓ.ஏ.இ., பெரா என்ற இரண்டும் குழந்தை ஒத்துழைக்காவிட்டாலும், தூங்கும்போதே செய்யக்கூடிய சோதனைகள். கேட்கும் திறன் மிகக் குறைவு என்று தெரிந்தால், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கக் கேரள அரசின் ஸ்ருதிதரங்கம் திட்டம் உண்டு. இதில் வயதுதான் எல்லாம். மூன்று வயதில் தொடங்கி ஐந்து வயது வரை யோசிக்கக் கூடாது.

5. டாக்டரிடம் போகும்போது போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் செய்வதைக் குழந்தை ஆஸ்பத்திரியில் செய்யாது. தூக்கத்தில் வரும் துடிப்பு, கையை உதறுவது, சாப்பிடும் விதம், தனியாக விளையாடும் விதம் எல்லாவற்றையும் அரை நிமிடத்துக்கு மேல் போகாத துண்டுகளாக எடுங்கள். பத்து நிமிட வாய்ப்பேச்சைவிட அது நிறையச் சொல்லும். வலிப்பு என்று சந்தேகம் இருந்தால் இது கட்டாயம்.

6. குறைபாட்டுக்கு டாக்டர் பெயர் சொல்லும் வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வயதில் டாக்டர்கள் பலர் உறுதியாக ஒரு பெயரைச் சொல்ல மாட்டார்கள். "வளர்ச்சித் தாமதம்" என்று எழுதி ஆறு மாதம் கழித்து வரச் சொல்வார்கள். அந்த ஆறு மாதம்தான் விலை மதிப்பில்லாதது. பேச்சுப் பயிற்சிக்கும் கை, கால் பயிற்சிக்கும் பெயர் தேவையில்லை. என்ன செய்ய முடியவில்லையோ அதைத் தொடங்கினால் போதும்.

7. ஃபைல் ஒன்று போடுங்கள். இது மட்டாஞ்சேரி, ஜூன் மாதம் ஆட்டோவில் போனாலே நனைந்துவிடும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைலாக இருக்கட்டும். உள்ளே முதல் தாளாக, உங்கள் கையெழுத்தில் குழந்தையின் கதை ஒரே பக்கத்தில்: பிறந்த தேதி, எடை, பிறந்தவுடன் அழுததா, மஞ்சள் காமாலை, வலிப்பு, உட்கார்ந்த மாதம், நடந்த மாதம், முதல் சொல், இப்போது சாப்பிடும் மருந்தும் அளவும். போகிற இடமெல்லாம் இதே கேள்விகள்தான். ஆறாவது தடவை சொல்லும்போது அழுகை வரும்; தாளை நீட்டிவிட்டால் அது மிச்சம்.

அதற்குப் பின்னால் பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், போட்டோக்கள், ரிப்போர்ட்டுகள். எதற்கும் அசலைக் கொடுக்காதீர்கள், காட்டுங்கள். கொடுத்த விண்ணப்பத்துக்கெல்லாம் ரசீது வாங்கி, அந்த எண்ணைத் தனி நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

இன்னொன்று, தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய தலைவலி: இனிஷியல். பிறப்புச் சான்றில் "எஸ். கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் சுப்பிரமணியன்", பள்ளியில் கார்த்திக்கோடு ஒரு வீட்டுப் பெயர். மூன்றும் மூன்று ஆள் என்றுதான் கம்ப்யூட்டர் நினைக்கும். மாற்றுத்திறன் அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன் ஆதாரையும் பிறப்புச் சான்றையும் ஒரே எழுத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு திருத்துவது இரட்டை வேலை.

8. மாற்றுத்திறன் அட்டைக்கு யு.டி.ஐ.டி. என்று பெயர். இந்தியா முழுக்கச் செல்லும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, தலசீமியா, ஹீமோஃபீலியா எல்லாம் அதில் அடக்கம். சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீதம் என்பது வாசல்படி. ஸ்வாவலம்பன் என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லையென்றால் அக்ஷயா சென்டரில் செய்து தருவார்கள். பிறகு மெடிக்கல் போர்டுக்குப் போக வேண்டியிருக்கும். அன்றைக்குக் குழந்தை நன்றாகத் தூங்கி, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், ஆனால் "டாக்டர் கேட்டால் இப்படிச் சொல்லணும்" என்று பழக்கிக் கூட்டிப் போகாதீர்கள். நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும் இடமல்ல அது. துணையில்லாமல் எது முடியாதோ அதை மறைக்காமல் சொல்லுங்கள்: தானாக டாய்லெட் போகிறதா, ஆபத்து தெரிகிறதா, ராத்திரி தூங்குகிறதா.

சின்னக் குழந்தைகளுக்குத் தரும் சான்று பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். காலாவதி தேதியைக் காலண்டரில் குறியுங்கள். ஓய்வூதியம் திடீரென்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எழுதப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்று எட்டு வயதில்தான் முதலில் கிடைக்கும். 14-இலும் 18-இலும் மறுபடி பார்ப்பார்கள். ஐந்து வயதிலேயே டிஸ்லெக்சியா என்று முத்திரை குத்திப் பணம் கேட்கிறவர்களைக் கண்டால் தள்ளியே நில்லுங்கள்.

9. தமிழ்நாட்டில் எடுத்த யு.டி.ஐ.டி. அட்டை இங்கேயும் செல்லும். கொச்சிக்கு வந்தபின் புதிதாக எடுக்க வேண்டாம், முகவரியை மாற்றினால் போதும். ஆனால் ஓய்வூதியம் மாநிலத்தைச் சேர்ந்தது. ரேஷன் கார்டு எங்கேயோ, பணமும் அங்கேதான். ஊரிலும் இங்கேயும் ஒருசேர வாங்கினால் ஒருநாள் இரண்டும் நின்றுபோகும். எந்த மாநிலம் என்று குடும்பம் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அதில் தொகையைவிட, பயிற்சியும் பள்ளியும் எங்கே என்பதுதான் முக்கியம்.

10. காசு விஷயம். கேரளத்தில் கேட்டுப் பெற வேண்டியவை இவை. மாற்றுத்திறனாளி ஓய்வூதியம்: கார்ப்பரேஷன் வழியாக, குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்று மட்டாஞ்சேரி வில்லேஜ் ஆபீசில். வருஷத்துக்கு ஒரு முறை மஸ்டரிங் (ஆள் இருப்பதை உறுதிப்படுத்துவது) செய்ய வேண்டும், மறந்தால் நிறுத்திவிடுவார்கள். ஆஸ்வாசகிரணம்: இது குழந்தைக்கல்ல, முழுநேரமும் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய். மாதாமாதம் வரும் என்று நம்பிச் சீட்டுக் கட்டாதீர்கள், சேர்ந்து சேர்ந்துதான் வரும். நிராமயா: ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடு. முன்கூட்டிய மருத்துவச் சோதனை கிடையாது, தெரபிச் செலவுக்கும் இதில் இடம் உண்டு. தெரபி ரசீதை அன்றன்றே வாங்கி வையுங்கள்.

பலருக்குத் தெரியாதது கார்ப்பரேஷன் தரும் ஸ்காலர்ஷிப். வார்டு சபை கூடும்போது அங்கன்வாடி வழியாகப் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள் "நமக்கெதற்கு வார்டு சபை" என்று போவதே இல்லை. போங்கள். மலையாளம் தடுமாறினாலும் பரவாயில்லை, கவுன்சிலருக்கு உங்கள் முகமும் குழந்தையின் பெயரும் தெரிந்தால் அடுத்த ஐந்து வருஷத்துக்கு உதவும். விண்ணப்பங்களில் "பின்னசேஷி" என்று போட்டிருப்பது மாற்றுத்திறனாளியைத்தான்.

11. பள்ளிக்கூடம். 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்பது 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவு. "இங்கே வசதி இல்லை, வேற இடம் பாருங்க" என்று எந்த அரசுப் பள்ளியும், உதவி பெறும் பள்ளியும் திருப்பி அனுப்ப முடியாது. அனுப்பினால் சண்டை போடாமல், "அதையே எழுதிக் கொடுங்க டீச்சர்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்திலேயே இடம் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் மட்டாஞ்சேரி உதவிக் கல்வி அலுவலர் (ஏ.இ.ஓ.) ஆபீசுக்கு எழுத்தில் கொடுங்கள்; அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார்.

சேர்த்த பிறகு கேட்க வேண்டியது, "ஸ்பெஷல் டீச்சர் எந்தக் கிழமை வருவார்?" சமக்ர சிக்ஷா கேரளத்தின் சிறப்பு ஆசிரியர்கள் பள்ளி பள்ளியாகப் போகிறவர்கள், எழுந்து வரவே முடியாத குழந்தைக்கு வீட்டுக்கே வந்து சொல்லித் தருவதும் அவர்கள் வேலைதான். அவர் வரும் கிழமை குழந்தை லீவு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு டீச்சரிடம், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்காமல், முதல் மாதம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஜன்னலோரம் வேண்டாம், முன் பெஞ்சு போதும் என்பது போல.

12. பி.ஆர்.சி. என்று யாராவது சொன்னால் எந்த பி.ஆர்.சி. என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று கல்வித் துறையின் வள மையம். பள்ளிக் குழந்தைகளுக்கான முகாம், உபகரணம், சில இடங்களில் ஆட்டிசம் சென்டர் எல்லாம் அதன் வழியே. இன்னொன்று பட்ஸ் மறுவாழ்வு மையம், 18 வயது தாண்டியவர்களுக்கு. பட்ஸ் என்பது உள்ளாட்சி அமைப்புகளும் குடும்பஸ்ரீயும் நடத்தும் சிறப்புப் பள்ளி வரிசை. 2004-இல் திருவனந்தபுரத்தை அடுத்த வெங்கானூரில் முதல் பள்ளி தொடங்கியது. எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தவறான பி.ஆர்.சி.யில் அரைநாள் உட்கார வேண்டாம்.

13. சிறப்புப் பள்ளி பார்க்கப் போகிறீர்களா? மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் பல்வகைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான ரக்ஷா இருக்கிறது. திருப்பூணித்துறை தாண்டி குரீக்காட்டில் ஆதர்ஷ் இருக்கிறது. எதுவானாலும் முதல் தடவை போக நல்ல நேரம் மதியச் சாப்பாட்டு வேளைதான். காலையில் போனால் பிரேயர், பாட்டு, சுவரில் ஒட்டிய படம் என்று எல்லாம் அழகாக இருக்கும். சாப்பாட்டு நேரத்தில்தான் பள்ளி தெரியும். குழந்தையைத் தானாகச் சாப்பிட விடுகிறார்களா, அவசரத்துக்கு ஊட்டித் தள்ளுகிறார்களா? கழுத்து நிற்காத குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுகிறார்களா, படுக்கவைத்தா? படுக்கவைத்து ஊட்டினால் சோறு நுரையீரலுக்குப் போகும். அழுகிற குழந்தையிடம் யார் போகிறார், என்ன குரலில் பேசுகிறார்? பிறகு டாய்லெட்டைக் கேட்டுப் பாருங்கள். கதவில் தாழ்ப்பாள், பிடித்துக்கொள்ளக் கம்பி, தரை ஈரமா, பெண் குழந்தையை யார் கூட்டிப் போகிறார். "பேரன்ட்ஸ் உள்ளே வரக் கூடாது" என்பது எந்த நேரமும் பொருந்தும் விதியாக இருந்தால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் அந்தப் பள்ளி வேண்டாம். இது என் அபிப்பிராயம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமில்லை.

14. தெரபிஸ்ட் என்று போர்டு வைத்தவர்கள் எல்லாம் தெரபிஸ்ட் அல்ல. பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கான சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. பதிவு எண்ணைக் கேளுங்கள். கோபப்படுகிறவரிடம் எண் இருக்காது. மூன்று மாதத்துக்கு முன்பணம், "நூறு சதவீதம் குணம்", பெற்றோர் வெளியே உட்கார வேண்டும் என்ற மூன்றில் ஒன்று வந்தாலும் எழுந்துவிடலாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் உண்டு. அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

15. "வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், பள்ளியில் இங்கிலீஷ், அதனால்தான் பேச்சு வரவில்லை, ஒரு பாஷையை நிறுத்துங்கள்" என்பார்கள். நிறுத்தப்படுவது எப்போதும் தமிழாகத்தான் இருக்கும். பல மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை என்பது ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளிடமும் அப்படித்தான். அம்மாவுக்குச் சரளமாக வராத மொழியில் குழந்தையோடு பேசச் சொன்னால், பேச்சே குறைந்துபோகும். தாலாட்டு போகும், திட்டு போகும், பாட்டியோடு பேசுவது போகும். தெரபிஸ்ட் மலையாளத்தில் நடத்தட்டும். இந்த வாரம் எந்தப் பத்துச் சொற்கள் என்று கேட்டு வாங்கி, அதே பத்தை வீட்டில் தமிழில் சொல்லுங்கள். வெள்ளம் அங்கே, தண்ணி இங்கே, குழந்தை சமாளித்துக்கொள்ளும்.

16. வாரத்தில் இரண்டு மணி நேரம் தெரபி. மீதி நேரமெல்லாம் வீட்டில்தான். அதனால் வீட்டு வேலையே பயிற்சி. விரலுக்கு: புளியில் கொட்டை எடுப்பது, கொத்தமல்லி ஆய்வது, பூண்டு உரிப்பது. கை வலுவுக்கு: இடியாப்ப உழக்கைப் பிடித்து அமுக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது. துள்ளிக்கொண்டே இருக்கும் குழந்தைக்குக் கனமான வேலை கொடுத்தால் அடங்கும்: தண்ணீர்க் குடத்தை இழுக்கட்டும், அரிசிப் பையை அறை விட்டு அறை தூக்கட்டும்.

ஃபோர்ட் கொச்சி 'வெளி' பகுதியில் உள்ள தோபி கானாவில் துணி காயப்போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கிளிப் கிடையாது. இரண்டு புரியாக முறுக்கிய கயிறு. புரியை ஒரு கையால் விரித்து, மறு கையால் துணி முனையைச் செருகினால் காற்றுக்கும் விழாது. இரண்டு கையும் இரண்டு வெவ்வேறு வேலையை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். கண் கையைப் பார்க்க வேண்டும். விரல் நுனி அழுத்த வேண்டும். சட்டைப் பட்டன் போடுவதற்கு முன்னால் வர வேண்டிய திறமைகள் இவையேதான். குழந்தையின் மார்பு உயரத்தில் அப்படி ஒரு கயிறு கட்டி, கைக்குட்டைகளைக் கொடுங்கள். முதலில் நீங்கள் புரியை விரித்துப் பிடிக்க, அவன் செருகட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். கடையில் விற்கும் தெரபிப் பொம்மைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

அன்றாட வரிசைக்குப் படம் ஒட்டும்போது இணையத்துப் படம் வேண்டாம். உங்கள் வீட்டுப் பல் பிரஷ், உங்கள் வீட்டு வாளி, அவன் பள்ளிப் பை எல்லாவற்றையும் போனில் எடுத்து, பிரின்ட் போட்டு ஒட்டுங்கள்.

17. தண்ணீர். இந்த ஊரில் எந்தப் பக்கம் நடந்தாலும் காயலோ கடலோ வாய்க்காலோ வந்துவிடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் ஈர்ப்பு, ஆபத்து தெரியாது. வாசல் கதவுக்கு மேல்பக்கம் எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள். பெயரும் உங்கள் போன் எண்ணும் பொறித்த கைவளையம் போடுங்கள்; பேசத் தெரியாத குழந்தைக்கு அதுதான் வாய். குழந்தை காணவில்லை என்றால் வீட்டுக்குள் தேடும் முன் ஒருவர் ஜெட்டிப் பக்கம் ஓட வேண்டும். முடிந்தால் நீச்சல் சொல்லிக் கொடுங்கள். உதவிக்குச் சைல்டுலைன் எண் 1098.

டிசம்பர் 31 ராத்திரி ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்ஞி பொம்மையை எரிப்பதும் வெடியும் கூட்டமும் உங்களுக்குத் தெரியும். ஒலி தாங்காத குழந்தை இருந்தால், அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது உத்தமம். போக முடியாவிட்டால் காதை முழுதும் மூடும் ஹெட்போனை ஒரு வாரம் முன்பே போட்டுப் பழக்குங்கள்.

18. போக்குவரத்து. தோப்பும்படி நெரிசலில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு தெரபிக்குப் போனால், போய்ச் சேரும்போதே குழந்தை களைத்துவிடும். வாட்டர் மெட்ரோ ஃபோர்ட் கொச்சிக்கு 2024-லும் மட்டாஞ்சேரிக்கு 2025 அக்டோபரிலும் வந்துவிட்டது. மிதக்கும் மேடை படகின் மட்டத்திலேயே நிற்பதால் வீல்சேரை உருட்டிக்கொண்டே ஏற்றலாம். ஹைகோர்ட் ஜெட்டியில் இறங்கினால் எறணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் சட்டென்று போய்விடலாம்.

பெரிய பரிசோதனைக்கும் நல்ல பயிற்சிக்கும் எங்கே என்று கேட்டால், நான் முதலில் சொல்வது திருச்சூர் மாவட்டம் கல்லேற்றுங்கரையில் உள்ள நிப்மர் என்ற மறுவாழ்வு நிறுவனம். இரிஞ்ஞாலக்குடா ரயில் நிலையம் இருப்பதே கல்லேற்றுங்கரையில்தான், அதனால் ரயிலில் போவது சுலபம். அறிவுசார் குறைபாடுள்ள, துணையில்லாமல் பயணிக்க முடியாதவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 சதவீதச் சலுகை. கூட வருபவருக்கும் அதே சலுகை உண்டு. ரயில்வேயின் படிவத்தில் அரசு டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, அதற்கென்று உள்ள அட்டையை எடுத்துவிட்டால் ஆன்லைனிலேயே டிக்கெட் போடலாம். காது, பேச்சு என்றால் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள நிஷ்.

தமிழிலேயே பேசி விளக்க ஆள் வேண்டும் என்றால் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாட்டு நிறுவனம் இருக்கிறது. தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம். எறணாகுளம் டவுனில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் தென்காசியில் இறங்கலாம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மதிப்பீட்டையும் சேர்த்து முடித்துக்கொண்டு வாருங்கள்.

19. அம்மாவைப் பற்றி ஒன்று. பயிற்சி, பள்ளி, மருந்து என்று எல்லாம் ஒரே ஆள் மேல் விழுந்தால் இரண்டு வருஷத்தில் அந்த ஆள் படுத்துவிடுவார். வாரத்தில் ஒரு தெரபி நாள் அப்பாவுடையது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று துக்கம் விசாரிக்க வரும் உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். "அத்தை, ஒரு மணி நேரம் இவனைப் பார்த்துக்கறீங்களா, கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று கேளுங்கள். உதவ வந்தவர் உட்காருவார், மற்றவர் கிளம்பிவிடுவார். மூத்த பிள்ளையோ இளைய பிள்ளையோ இருந்தால் அவர்களுக்கு மட்டுமேயான நேரம் என்று வாரத்தில் ஒன்று இருக்கட்டும். மனசு தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. பரிவார் போன்ற பெற்றோர் அமைப்புகளின் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எந்த ஆபீசில் எந்தக் கிழமை போனால் வேலை நடக்கும் என்பது அங்கே வருகிறவர்களுக்குத்தான் தெரியும்.

20. பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எழுத்தரும், மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரமும் கேட்கலாம். பள்ளி திறந்ததுமே தலைமை ஆசிரியரிடம் சான்றோடு விண்ணப்பம் கொடுங்கள். ஜனவரியில் ஓடினால் நடக்காது. எழுத்தரோடு குறைந்தது இரண்டு மாதிரிப் பரீட்சையாவது எழுதிப் பழகட்டும், சொல்லி எழுதவைப்பது தனிப் பழக்கம்.

18 வயது ஆனதும் சட்டப்படி அவன் பெரியவன். பெற்றோர் கையெழுத்து வங்கியில் செல்லாது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்படி சட்டப் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பம். நம் மாவட்டத்துக்குக் காக்கநாடு கலெக்டரேட். கோர்ட்டுக்கோ வக்கீலுக்கோ போக வேண்டியதில்லை. பிறந்தநாளுக்கு ஆறு மாதம் முன்பே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். அப்பா, அம்மா இருவருக்குப் பிறகு யார் என்ற பெயரையும் அப்போதே குடும்பத்தில் பேசி, அந்த ஆளிடமும் கேட்டு, ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.